ஏழு பேருக்கு ஒரு ஞானத்தகப்பன்

றெனால்ட் மூன்றாம் தரம் வருகிறார் என்று ஃபாதர் சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துத்தான் அவர் குசினி வரைக்கும் நடந்து வந்து சொன்னார். எனக்கு முதலில் வந்தது எரிச்சல். வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வருகிறவர்களைப் பதினாறு வருடமாகப் பார்த்துவிட்டேன். வரும்போது ஒரு ஆரவாரம், போகும்போது ஒரு ஆரவாரம், இடையில் ஆறு கிழமை. அவர்கள் போன பிறகு பத்து நாளைக்குப் பிள்ளைகள் சரியாகச் சாப்பிடமாட்டார்கள். அதை யாரும் படம் பிடிப்பதில்லை.

என் பெயர் மாக்கிறட். தோட்டவெளிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆண்பிள்ளைகள் இல்லத்தில் சமையல் என் பொறுப்பு. இப்போது இருபத்தெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். குசினிக்குப் பின்னால் ஒரு அறை உண்டு, அதுதான் என் வீடு. கட்டினவர் கடலுக்குப் போய் வராமல் விட்டு இருபத்தைந்து வருடம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. வயது அறுபத்தொன்று, இரண்டு முழங்காலும் என் சொல் கேட்பதில்லை. உயிர்த்த ஞாயிறோடு நின்றுவிடப் போகிறேன் என்று ஃபாதரிடம் சொல்லியாகிவிட்டது. அடம்பனில் தம்பி வீட்டில் எனக்கென்று ஒரு அறையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். விடிய நாலு மணிக்கு எழும்பாமல் படுத்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்க்கவேண்டும். அதைவிடப் பெரிய ஆசை எனக்கு இல்லை.

றெனால்டைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு என்னைப் பற்றிச் சொல்கிறேன். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். தொண்ணூறில் படகேறி இராமேஸ்வரம் போய், அங்கே முகாமில் கிடந்து, பிறகு யார் யாரையோ பிடித்து ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்தவர். அங்கே ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் இருபத்தேழு வருடம் பாத்திரம் கழுவினார். இதை அவரே சொல்லுவார், வெட்கப்பட மாட்டார். மனைவி பிரிந்துபோய்விட்டா. ஒரு மகள் இருக்கிறா என்பதற்கு மேல் மகளைப் பற்றி வாய் திறந்ததில்லை.

முதல் தரம் வந்தது 2017இல். மற்றத் தொண்டர்கள் எல்லோரும் ஆங்கிலம் படிப்பிக்கிறோம், பாட்டுப் படிப்பிக்கிறோம் என்று வருவார்கள். இவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஜேர்மன்காரரின் டொச்சு மொழி இங்கே யாருக்கு வேண்டும். ஃபாதர் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்க, குசினியைக் காட்டுங்கோ என்றாராம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து என் கிடாரத்துக்கு முன்னால் குந்தினார். அடிப்பிடித்த சோற்றுக் கிடாரம் அது, நான் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டிருந்தேன். ஒரு மணித்தியாலம் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டார். அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்துப்போனது. பொய் சொல்லவேண்டாம், மிகவும் பிடித்துப்போனது. அந்த மூன்று மாதமும் என் முழங்கால் நிம்மதியாக இருந்தது.

அந்த வருடம்தான் அந்தப் பிழையும் நடந்தது. ஆயர் ஆண்டகை வந்து பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் கொடுக்கிற நாள் அது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் ஒரு ஞானத்தகப்பன் நின்று, வலக்கையைப் பிள்ளையின் தோளில் வைக்கவேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு மாமன், சித்தப்பன் என்று யாராவது நிற்பார்கள். இல்லத்துப் பிள்ளைக்கு நிற்க ஆள் பிடிப்பது லேசில்லை. எங்கள் பக்கத்தில் அது கோயில் வாசலோடு முடிகிற சங்கதி இல்லை. தோளில் கை வைத்தவன் அந்தப் பிள்ளைக்குத் தகப்பன்தான். பெருநாளுக்குப் பிள்ளை வந்து முழந்தாளிட்டுத் தோத்திரம் சொல்லும், தலையில் கை வைக்கவேண்டும். கலியாணத்துக்குப் போய்ப் பேசவேண்டும், நாளைக்கு ஒரு சண்டை சச்சரவு வந்தாலும் போய் நிற்கவேண்டும். சொந்தத்துக்கே செய்ய மாட்டாமல் திணறுகிறவர்கள் இல்லத்துப் பிள்ளைக்கு எங்கே வந்து நிற்பது.

அந்த வருடம் எங்களிடம் ஏழு பேர் இருந்தார்கள். வருகிறோம் என்றவர்களும் கடைசி நேரத்தில் வரவில்லை. ஃபாதர் அங்கும் இங்கும் பார்த்தார், வாங்குப் பலகையில் வெள்ளைச் சேட்டோடு றெனால்ட் இருந்தார். நிற்கிறீர்களா என்று கேட்டார். வாங்கு ஒன்றைத் தூக்கி வைக்கச் சொன்னால் எப்படி எழும்புவாரோ, அப்படி எழும்பிப் போனார். ஆண்டகை ஒவ்வொரு பிள்ளையாக நகர நகர, இவரும் பின்னாலே நகர்ந்து நகர்ந்து ஏழு தோளிலும் கை வைத்தார். கோயிலில் சனம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது, நானும் சிரித்தேன். மறுநாள் காலை ஏழு பேரும் குளித்து வெளிக்கிட்டு வரிசையாக வந்து அவருக்கு முன்னால் முழந்தாளிட்டபோதுதான் மனிதர் திடுக்கிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையில் கை வையுங்கோ என்று சைகை காட்டினேன், வைத்தார். பிறகு மூன்று மாதம் முடிந்து போய்விட்டார்.

2019இல் இன்னொரு தரம் வந்தார். அதற்குப் பிறகு கொரோனா, நாட்டுப் பிரச்சினை, அவருடைய முதுகு ஒப்பரேஷன் என்று வருடங்கள் போய்விட்டன. நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் ஏழு பேருக்கும் ஏழு பொதி வரும். ஏழு பேரில் ஆறு பேர் பதினெட்டு வயதோடு வெளியே போய், கட்டார், கொழும்பு என்று சிதறிவிட்டார்கள். ஜெனோஜன் மட்டும் அந்தக் கையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. எந்தப் படிவம் நிரப்பினாலும் பொறுப்பாளர் என்ற இடத்தில் றெனால்ட், ஜேர்மனி என்று எழுதுவான். அவனுக்கு நாலு வயதில் தகப்பன் செத்துப்போனான், தாய் வேறு குடும்பமாகிப் போய்விட்டா. வேறு யாரை எழுதுவான்?

இப்போது அவனுக்கு இருபத்துமூன்று வயது. மீன் ஏற்றுகிற கூலர் லொறியில் வேலை. முள்ளிக்குளப் பக்கம் மீன் எடுக்கப் போய்வந்து, பெனடிக்ற் என்ற கடற்றொழிலாளியின் மகள் கிருஷிகாவில் விருப்பப்பட்டுவிட்டான். பெட்டைக்கும் விருப்பம். பெனடிக்ற் கெட்ட மனிதர் இல்லை, பெடியனில் குறையும் சொல்லவில்லை. பெரியாட்கள் வந்து முறையாகக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். என்ரை ஞானத்தகப்பன் ஜேர்மனியிலை இருந்து வந்து கேட்பார் என்று இவன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்துவிட்டான். சொல்லி இரண்டு வருடம். இனிப் பொறுக்க ஏலாது, தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முன்னம் ஒருவரும் வராவிட்டால் வங்காலையில் வந்திருக்கிற சம்பந்தத்துக்கு ஓம் சொல்லிவிடுவேன் என்று பெனடிக்ற் தவணை வைத்துவிட்டார்.

றெனால்ட் வந்து இறங்கியபோது விபூதிப் புதனுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. அவருக்கு எதுவும் தெரியாது. தன் கலியாணத்தைத் தானே எடுத்துச் சொல்ல எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. ஜெனோஜன் ஞாயிறு வந்து தோத்திரம் சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் நின்று காலால் மண்ணைக் கிளறிவிட்டுப் போனான். போகும்போது குசினிப் பக்கம் வந்து என்னைப் பார்த்தான். நான்தான் சொல்லவேண்டும் என்பது விளங்கியது. இந்த வீட்டில் எல்லாம் கடைசியில் குசினிக்குத்தான் வரும்.

றெனால்ட் நன்றாகக் கிழண்டிப் போயிருந்தார். கிடாரத்தின் முன்னால் குந்த முடியவில்லை, ஒரு குட்டிக் கதிரை கேட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் தேய்த்துக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டார். பிறகு தன்னால் முடியாது என்றார். முப்பத்தைந்து வருடம் வெளியில் இருந்தவனுக்கு இந்த முறைகள் மறந்துவிட்டனவாம். தன் கலியாணமே உடைந்து கிடக்கிறதாம், அப்படிப்பட்டவன் போய் இன்னொருவனுக்குப் பெண் கேட்பது சரியில்லையாம். ஃபாதர் போகட்டும் என்றார்.

ஃபாதர் எல்லோருக்கும் ஃபாதர், இவன் தோளில் கை வைத்தது நீங்கள் என்றேன்.

“அக்கா, நான் களைச்சுப் போனன்,” என்றார். “நான் சட்டி கழுவத்தான் வந்தனான்.”

“சட்டிக்கு ஞானத்தகப்பன் தேவையில்லைத் தம்பி,” என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் செத்துப்போனது. ஆனால் எனக்கும் களைப்புத்தான். அவருக்குக் களைத்தால் பிளேன் ஏறி இங்கே வருகிறார். எனக்குக் களைத்தால் நான் எங்கே போவது? பதினாறு வருடம் சோறு போட்டிருக்கிறேன். எந்தப் படிவத்திலும் என் பெயரை யாரும் எழுதவில்லை. எழுதச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. மூன்று மாதம் சட்டி கழுவினவர் தகப்பன், சோறு ஆக்கினவள் சமையல்காரி. இதை இதற்கு முன் நான் நினைத்ததே இல்லை என்று சொன்னால் அது பொய்.

மூன்று நாள் என்னோடு பேசாமல் கழுவினார். நாலாம் நாள் வந்து எப்போது போகவேண்டும், என்ன கொண்டுபோகவேண்டும் என்று கேட்டார். ஜேர்மனிச் சொக்கிலேற் பெட்டி ஒன்றைக் கையில் வைத்திருந்தார். கலியாணம் பேசப் போகிறோம், பாலர் வகுப்புக்குப் போகவில்லை என்று வாங்கி வைத்துவிட்டேன். வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் கேக்கும் தட்டில் வைத்துக் கட்டினேன். தட்டைத் தூக்க ஒரு பொம்பிளை வேண்டும் என்று என்னையும் வரச் சொன்னார்கள். தட்டுத் தூக்கத்தான் கூப்பிட்டார்கள், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னாரிலிருந்து சிலாவத்துறை போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்து, குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தபோது என் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. பெனடிக்ற் குடும்பம் 2007இல் சண்டை நேரம் முள்ளிக்குளத்தை விட்டு எழும்பினது. தகரக் கொட்டில், கூடாரம் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் இழுபட்டு, இப்போதுதான் ஊருக்குக் கிட்ட ஒரு கல்வீடு கட்டியிருந்தார்கள். பூச்சு இன்னும் பூசவில்லை. பிளாஸ்ரிக் கதிரைகளைக் கழுவித் துடைத்து முற்றத்தில் போட்டிருந்தார்கள். கிருஷிகா உள்ளே இருந்தாள். யன்னல் சீலைக்குப் பின்னால் ஒரு நிழல் நின்று நின்று போனது. ஜெனோஜன் வரவில்லை. முறையும் அதுதான்.

றெனால்ட் நன்றாகத்தான் தொடங்கினார். பிள்ளை குடிப்பதில்லை, வேலையில் நாணயமானவன், கோயிலுக்குப் போகிறவன் என்றார். நான் ஓட்டோவில் சொல்லிக்கொடுத்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். பெனடிக்ற் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பெடியனைப் பற்றித் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார். சீதனக் கதைக்கும் போகவில்லை. ஒரே ஒரு விஷயம் கேட்கவேண்டும் என்றார்.

“அண்ணை, நாங்கள் வாசல் இல்லாமல் அலைஞ்ச ஆக்கள். அதாலை கேக்கிறன். நாளைக்கு இதுகளுக்குள்ளை ஒரு பிரச்சினை வந்தால் நான் ஆரின்ரை வாசலுக்கு வாறது?”

றெனால்ட் என் பக்கம் திரும்பினார். எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று பெனடிக்ற் கேட்டார். அடுத்த மாதம் மூன்றாம் திகதி என்றார் இவர். உள்ளே யன்னல் சீலை அசையாமல் நின்றது. ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லு மனிசா, போன் எடுங்கோ ஓடி வருவேன் என்றாவது சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“என்ரை மகள் கலியாணம் முடிச்சு நாலு வருஷம்,” என்றார் றெனால்ட். “அவளின்ரை வாசலுக்கு நான் இன்னும் போகேல்லை. அவள் கூப்பிடவும் இல்லை. என்னை நம்பிப் பிள்ளையைத் தராதேங்கோ தம்பி. பெடியனை நம்பித் தாங்கோ.”

அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்காகச் சோப்புத் தண்ணீரில் கிடந்து தோல் உரிந்த கை. எனக்கு அவரில் கோபமும் வந்தது, அழவேண்டும் போலவும் வந்தது. நீங்கள் உண்மை சொன்னது சந்தோஷம், ஆனால் நான் கேட்டதுக்கு அது மறுமொழி இல்லையே என்றார் பெனடிக்ற். அதிலும் பிழை இல்லை.

கதிரைகள் நகரத் தொடங்கின. எழும்பப் போகிறார்கள். தட்டை அவிழ்க்கவே இல்லை, அப்படியே திருப்பித் தூக்கிக்கொண்டு போகவேண்டும், அந்தப் பெடியனின் முகத்தைப் பார்க்கவேண்டும். அதை நினைக்க என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“என்ரை வாசலுக்கு வாங்கோ,” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். பெனடிக்ற் மரியாதையாகத்தான் பேசினார். “அக்கா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் உயிர்த்த ஞாயிறோடை அடம்பனுக்குப் போறியளெண்டு கேள்வி.”

மீன் லொறி போகிற இடமெல்லாம் கதையும் போகும்.

“இனிப் போகேல்லை,” என்றேன். “குசினி வாசல்தான். எப்பவும் திறந்துதான் கிடக்கும்.”

இதைப் பெரிய தியாகம் என்று எவரும் நினைக்கவேண்டாம். சொன்ன அந்த நிமிடமே எனக்கு ஆத்திரமாக வந்தது. முழங்கால் விண்விண் என்று வலித்தது, நாலு மணி அலாம் காதில் கேட்டது. ஆனால் சொல்லியாகிவிட்டது. பெனடிக்ற் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பி, “பிள்ளை, தேத்தண்ணியைக் கொண்டா,” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் றெனால்ட் தான் சொன்னது பிழையோ என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னீர்கள், சொல்லிவிட்டு நீங்கள் பிளேன் ஏறிவிடுவீர்கள் என்றேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் அரிப்பு என்ற ஊரில் நின்றது. அங்கே வைத்து, இங்கே வந்து சட்டி கழுவுவது தனக்கு ஏன் பிடிக்கும் தெரியுமா என்று கேட்டார். கழுவி முடித்தால் முடிந்துபோய்விடும், அதனால்தான் என்று அவரே சொன்னார். மகளுக்கு ஒரு போன் எடுங்கோ என்றேன். ம் என்றார். எடுத்தாரோ தெரியாது. மூன்றாம் திகதி போய்விட்டார்.

தவக்காலத்தில் கலியாணம் வைக்க முடியாது. உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டாம் சனிக்கிழமை கோயிலில் தாலி கட்டினார்கள். றெனால்ட் ஜேர்மனியிலிருந்து வீடியோவில் பார்த்தார். யாரோ போனைக் கொண்டுபோய் மாப்பிள்ளை முன்னால் பிடிக்க, ஜெனோஜன் அந்தப் போனுக்கு முன்னால் முழந்தாளிட்டான். சனம் சிரித்தது. இந்த முறை நான் சிரிக்கவில்லை. பிறகு அவன் முள்ளிக்குளப் பக்கம் பெண் வீட்டோடு போய்விட்டான். பாதிப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது எனக்கு.

கலியாணம் முடிந்து இருபத்துநாலாம் நாள், செவ்வாய்க்கிழமை. அரிசி களைந்துகொண்டிருக்கும்போது வாசலில் வெளிச்சம் மறைந்தது. பெனடிக்ற் நின்றார், பின்னால் கிருஷிகா. முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். பெட்டையின் கண் வீங்கியிருந்தது. நீயே சொல்லு பிள்ளை என்றுவிட்டு அவர் வெளியே போய் வேம்புக்குக் கீழே நின்றுகொண்டார். அடித்துவிட்டானோ என்றுதான் எனக்கு முதலில் வந்தது.

அடிக்கவில்லை. குடிக்கவும் இல்லை. ஏசினதும் இல்லையாம்.

“உடுப்பை அலுமாரியிலை வைக்கிறாரில்லை அன்ரி,” என்றாள். “பாதி அலுமாரி அவருக்கெண்டு ஒதுக்கி வைச்சிருக்கிறன். எல்லாத்தையும் பையுக்குள்ளை மடிச்சு வைச்சு, பூட்டுப் போட்டு, கட்டிலுக்குக் கீழை தள்ளிவிடுறார். காலமை எடுக்கிறார், பின்னேரம் திருப்பி வைக்கிறார். சவர்க்காரமும் அதுக்குள்ளைதான். ஏனெண்டு கேட்டால் சும்மா எண்டுறார். என்னை விட்டிட்டுப் போகத்தானே அன்ரி ஆயத்தமாய் இருக்கிறார்?”

நான் அரிசிச் சட்டியைக் கீழே வைத்தேன். இந்த இல்லத்துக்கு ஒரு பிள்ளை வந்து சேர்ந்தவுடன் முதல் நாள் நான்தான் ஒரு பெட்டியும் பூட்டும் கொடுத்துச் சொல்லுவேன். உன்ரை சாமான் உன்ரை பெட்டிக்குள்ளை, பூட்டிப்போட்டுப் போ, வெளியிலை கிடந்து துலைஞ்சால் என்னட்டைக் கேட்டு வராதை. இருபத்தெட்டுப் பேர் இருக்கிற இடத்தில் வேறு எப்படிச் சொல்வது? ஏழு வயதிலிருந்து பதினெட்டு வயது வரைக்கும் ஜெனோஜன் அதை என் வாயாலேயே கேட்டு வளர்ந்தவன்.

“அது போறதுக்கு வைச்சிருக்கிற பை இல்லைப் பிள்ளை,” என்றேன். “நான் பழக்கினது. அவனுக்கு வேறை விதமாய் வைக்கத் தெரியாது.”

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. உண்மையாகவோ அன்ரி என்று இரண்டு தரம் கேட்டாள். சத்தியமாக என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு தகப்பனிடம் சொல்ல வேம்படிக்கு ஓடினாள். நான் திரும்பவும் அரிசிக்குள் கையை விட்டேன். இந்தக் கையால் பெட்டியும் பூட்டும் வாங்கிக்கொண்டு வெளியே போனவர்கள் நூறு பேருக்கு மேல். அவர்களிலும் எத்தனையோ பேர் கலியாணம் முடித்திருப்பார்கள், எங்கே யாரை என்று எனக்குத் தெரியாது. அந்த வீடுகளிலும் யாரோ ஒருத்தி கட்டிலுக்குக் கீழே கிடக்கிற பையைப் பார்த்துப் பார்த்து அழுதிருப்பாள். வந்து கேட்க அவளுக்கு ஒரு வாசல் இருக்கவில்லை.